கரிசலுக்கு அடியில் ஆற்று மணல்

மண்ணுக்குள் இருக்கும் என் மச்சானுக்கு,

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆனாலும் இதை நானே எழுதவேண்டும்.

போன வாரம் நம் கரிசல் காட்டுக்கு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். கையில் ஒரு படம். வானத்திலிருந்து ரேடார் வைத்து எடுத்ததாம். அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் பிடிப்பார்களாம். அதில் தெரிவது நிலத்தில் இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

சாம்பல் நிறக் காட்டுக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை வளைந்து கிடந்தது.

"இது பழைய ஆறும்மா. என்னைக்கோ மண்ணு மூடிப் போச்சு" என்றார் கண்ணாடி போட்ட சார். அது போகிற வழியைப் பென்சிலால் காட்டினார். பென்சில் நீங்கள் கிணறு வெட்டிய இடத்தின் மேல் ஏறிப் போனது.

ஏழு வருஷமாக எனக்கு ஒரே கேள்விதானே மச்சான்? கரிசலுக்குள் ஆற்று மணல் எப்படி வந்தது? நாற்பதடி ஆழத்தில் நீங்கள் நிற்கும்போது பக்கத்திலிருந்து தண்ணீர் மாதிரிக் கொட்டியதே, சிம்மக்கல் பக்கம் வைகையில் பார்க்கிற அதே மணல். அள்ள அள்ள வந்தது. மூன்றாம் நாள் உங்களை எடுக்காமலே கிணற்றை மூடினார்கள். ஊர் சாமி குத்தம் என்றது. எனக்குத் தெரியும், குத்தம் என்னுடையது. சித்திரை வெயிலிலும் அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும். "இங்க வெட்டுங்க மச்சான், ஈரமிருக்கு" என்று இடம் காட்டியவள் நான்தானே?

"சார், உள்ளுக்குள்ள அந்த மணலு நகருமா?" என்று கேட்டேன்.

"மணலு நகராதும்மா. தண்ணி மட்டும் மெல்லக் கெழக்க போகும். ஏன் கேக்குறீங்க?"

நீங்கள் அதற்குள் கிடப்பதை உங்கள் தம்பிதான் சொன்னான். சார் பென்சிலைப் பையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அவர்கள் போனபிறகு தம்பி வந்து நின்றான். "மதினி, அந்தப் பட்டையில போர் போட்டாத் தண்ணி கெடைக்குமாம். பயிரு காயுது. ஆனா நீங்க சரின்னு சொல்லாம கை வைக்க மாட்டேன்."

"எங்கப்பா போடுவ?"

"அண்ணனுக்கு மேக்க போடுவோம். கெழக்க போட்டா, தண்ணி அண்ணனைத் தாண்டில்ல வரும்? எப்படிக் குடிக்கிறது?"

கிழக்கே இருப்பது நம் வீடு. பட்டை நம் அடுப்படிக்குக் கீழேதான் போகிறது. நெருப்பு எரிகிற இடம், ஆனாலும் ஏழு வருஷமாகத் தரை சில்லென்று இருக்கிறது. பாய் விரிக்காமல் அங்கேதான் படுக்கிறேன். ஏனென்று கேட்டால் எனக்கே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தீர்களா மச்சான்?

"கெழக்கயே போடு" என்றேன். தம்பி என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை போர் வண்டி வருகிறது. முதல் குடம் வயலுக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. யாரையும் தொட விடமாட்டேன். ஒரு சொட்டு கீழே சிந்தாமல் நானே குடிப்பேன்.

இப்படிக்கு,
அடுப்படியில் காத்திருக்கும் உங்கள் மாமன் மகள்
பேச்சி