ஒட்டாத கண்வலி

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டு அம்மா கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "லேசா கண்வலிம்மா, கிட்ட வராதீங்க" என்றார். போன வாரம்தான் அவருக்குப் புரை ஆபரேஷன் ஆனது. முகத்தில் அதே பெரிய கறுப்புக் கண்ணாடி. எனக்கு நீதான் நிற்பது போல இருந்தது.

உனக்கும் இதே ஆபரேஷன் முடிந்து கீழ்பென்னாத்தூர் வீட்டுக்குப் போன மறுநாள் நீ போனில் சிரித்தாய். "கடலைக் கொல்லையில பூ வெச்சிருக்கு, வாசல்லேர்ந்தே தெரியுதுடி." அப்புறம் அந்தக் கண் சிவந்தது, வலித்தது, பீளை கட்டியது. நம் பக்கம் அதற்கு இருக்கிற பேர் ஒன்றுதான். "கண்வலி வந்திருக்கு. நீ வராத. பசங்களுக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லி அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாய். தனித் தட்டு, தனித் துண்டு. பேரன் வந்து கதவைத் தட்டினால் உள்ளிருந்தே அதட்டல். வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. கண்வலி என்றால் நாம் எல்லோரும் அப்படித்தானே இருப்போம்.

"ஒண்ணுமே தெரியலடி" என்று நீ சொன்னதும்தான் ஓடிவந்து உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "இது கண்வலி இல்லம்மா. ஆபரேஷன் பண்ண கண்ணுக்குள்ள கிருமி போய் சீழ் வெச்சிருக்கு. வலிச்ச அன்னிக்கே வந்திருக்கணும்."

கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். அதற்கும் அடங்காமல் உள்ளே திறந்து சுத்தம் செய்தார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ இது பசங்களுக்கு ஒட்டாதா?" ஒட்டாது என்றதும் உன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. பார்வை போகிற நேரத்தில் யாராவது இதற்குச் சந்தோஷப்படுவார்களா?

கண்ணை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். பார்வை வெறும் வெளிச்சத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கார்த்திகைக்கு எங்கள் வேங்கிக்கால் வீட்டு மாடியில் நின்று, நல்ல கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு மலைத் தீபத்தைப் பார்த்தாய். "மஞ்சளா என்னமோ தெரியுதுடி. போதும்." எனக்குப் போதவில்லை, அக்கா. நீ போய்ச் சேர்ந்த பிறகும் போதவில்லை.

இன்று எதிர்வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "உங்களுக்கு ஒட்டிக்கப் போவுது" என்று அந்த அம்மா பின்னால் நகர்ந்தார். "ஒட்டாதும்மா, செருப்ப போடுங்க" என்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். சாயங்காலம் அவர் மகன் வந்து, நேரத்தோடு கூட்டிவந்ததால் கண் தப்பிவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

நல்லது என்றேன். அவர் போனதும் உட்கார்ந்து அழுதேன். நான் தள்ளித் திறந்த கதவு உன்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா, அக்கா?