மூன்று டீ ஆறிய நாவல்

தாராவி,
21 ஜூலை 2024

அன்புள்ள பூலோகம் அண்ணனுக்கு,

உங்கள் கூட்டாளி தௌசீப்பின் மனைவி உமைரா எழுதுவது. சலாலாவில் சாரல் என்று எழுதியிருந்தீர்கள், அனுபவியுங்கள். இங்கே மழை பெய்தால் சந்துக்குள் முழங்கால் தண்ணீர். மகள் அஃப்ஷா ஏழாம் வகுப்பு. இந்தி என்றால் பொரிந்து தள்ளுவாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் வாப்பாவுக்கு அதுதான் பெரிய குறை.

அவர் பெயருக்கு நீங்கள் போட்ட கடிதத்தைப் புதன்கிழமை நான்தான் பிரித்தேன். பிரிக்க அவர் இல்லை, அண்ணா. மார்ச் நான்காம் தேதி பட்டறையில் பை தைத்துக்கொண்டிருந்தவர் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து, போன வாரம்தான் நான் வாசல் தாண்டினேன்.

ஒரு விஞ்ஞான நாவலின் முடிவை நீங்கள் போனில் உளறியதிலிருந்து, எந்த நாவலைப் படிக்கலாம் என்பதைக் கடிதத்தில்தான் சொல்வது, முடிவை மட்டும் எழுதுவதில்லை என்று இருவரும் சட்டம் போட்டீர்களே. நல்ல சட்டம்! அவர் போனின் பூட்டைத் திறக்க எங்களுக்குத் தெரியவில்லை, மௌத்துச் செய்தி சொல்ல உங்கள் நம்பர்கூட வீட்டில் இல்லை. முகவரியே இந்தக் கடிதத்தின் உறையில்தான் கிடைத்தது.

ஆனால் அவர் ஏப்ரல் கடைசியில் எழுதிச் சிபாரிசு செய்த நாவலுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். முன்பே எழுதிவைத்ததைப் பட்டறையில் யாரோ தாமதமாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் நீங்கள் எடுத்தெழுதியிருந்த அவருடைய வரியைப் பார்த்தேன். அது மூன்று டீ ஆறிய நாவலாம்.

படிக்கும் சுவாரசியத்தில் எத்தனை டீயை ஆறவிட்டார் என்பதுதான் அவர் புத்தகத்துக்குப் போடும் மார்க். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில், அதே ஏப்ரல் கடைசியில், பழக்க தோஷத்தில் அவருக்கும் சேர்த்து டீ போட்டு அலமாரி மேல் வைத்தேன். மூன்று நாள் வைத்தேன். நான்காம் நாள் அஃப்ஷா பார்த்து அழுததும் விட்டுவிட்டேன்.

அடுத்த வரியை இரண்டு முறை படித்தேன். "உமைராவுக்கும் வாசித்துக் காட்டினேன், தாழ்ப்பாளில் கை வைக்கும் இடம் வரைக்கும் கேட்டாள், தூங்கிவிட்டாள்" என்று எழுதியிருக்கிறார்.

உண்மைதான், அண்ணா. டீ வைத்த அந்த மூன்று நாளில் வந்த ஞாயிறு மத்தியானம் அவர் வாசிக்கும் குரலைக் கேட்டேன். கதையில், நிலாவில் சுரங்கத்துக்குள் போனவன் திரும்பவில்லை. காற்றே இல்லாத வெளிப்பக்கத்திலிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே பிள்ளை தூங்குகிறது. மனைவி தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அங்கே கண் அசந்துவிட்டேன். கனவு என்றுதான் இருந்தேன். ஆனால் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பேராச்சி வந்து, "ஏத்தா, மத்தியானம் யாரு உங்க வீட்ல சத்தமா வாசிச்சது?" என்று கேட்டாள். ரேடியோ என்று சொல்லிச் சமாளித்தேன்.

வீடு முழுக்கத் தேடினேன், அந்த நாவல் இல்லை. கிங்ஸ் சர்க்கிள் பழைய புத்தகக்காரரும் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்கிறார். நீங்களோ அதைப் படித்து முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் உங்கள் சட்டத்தை எனக்காக ஒருமுறை மீறுங்கள். அவள் கதவைத் திறந்தாளா? திறந்தால் பிள்ளைக்கு என்ன ஆனது? உறையின் பின்னால் என் நம்பர் எழுதியிருக்கிறேன், போனிலேயே சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், புதன்கிழமையிலிருந்து சாயங்காலம் அசர் தொழுகை நேரத்தில் இங்கே கதவு தட்டப்படுகிறது. இரண்டு கையிலும் பைகளோடு வரும்போது அவர் முழங்கையால் தட்டுவாரே, அதே மாதிரி. பேராச்சி தன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள், யாரும் இல்லை என்றாள். எனக்குத் திறக்க ஆசையாக இருக்கிறது, அண்ணா. அந்த நேரத்தில் அஃப்ஷா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பாள்.

அல்லா உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். நீங்கள் கும்பிடும் சாமியிடம் எங்கள் இருவருக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் போன் வரும்வரை தாழ்ப்பாளைத் தொடமாட்டேன். சீக்கிரம் பேசுங்கள், ரொம்ப நாள் என்னால் முடியாது.

உங்கள் தங்கை,
உமைரா