அப்பாவின் தோளில் இருக்கும் கை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் நினைவு நாளன்று, அவர் முன்பு இந்த ஊரில் வேலை பார்த்த லாலாகுடா பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் முகநூல் குழுவில் அவருடைய இளவயதுப் படத்தைப் போட்டேன். நீங்கள் ஓரத்தைக் கத்தரியால் வெட்டிய படம். தோளில் இருக்கும் கை போட்டோக்காரருடையது என்பீர்கள். அப்படியானால் படம் எடுத்தது யார் என்று நான் முப்பது வருடமாகக் கேட்கவில்லை.

மறுநாள் வெட்டாத படத்தை ஒருவர் அங்கே போட்டார். பெயர் செல்லப்பா, இங்கே பக்கத்தில் மெட்டுகுடாவில் இருக்கிறார். அப்பாவின் அண்ணனாம். அப்பா ஒரே பிள்ளை என்றுதான் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

போனில் பேசினார். “அந்தக் கை என்னுதும்மா. மீதி நானும் பத்திரமாத்தான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை வரேன். விருந்தெல்லாம் நக்கோ, உங்க வீட்டு ரசம் போதும்.”

ஏன் வெட்டினீர்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் இங்கே என் வீட்டுக்குச் சாப்பிட வரும் முதல் ஆள் அவர். வரலாமா என்று உடனே சொல்லுங்கள். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். வேண்டாம் என்றாலும், ரசப்பொடியை இரண்டு பேருக்குக் காணும்படி அனுப்புங்கள்.

அவசரத்தில்,
சாருலதா