ஆம்ப்ளிஃபயர் மேல ரொட்டி மாவு

ரம்ஸி, அவிச்ச ஃபூல் மொச்சை அடுப்பு மேல இருக்கு. எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடுங்க.

இருந்த காசையெல்லாம் ஆம்ப்ளிஃபயர்ல கொட்டிட்டு, வெள்ளிக்கிழமைச் சந்தையில டாக்ஸியிலேர்ந்து கழட்டின ஸ்பீக்கரை வாங்கி மாட்டினீங்க. அதான் பாதிப் பாட்டுலயே சூடாகி நின்னுடுது. மெக்கானிக் அஸ்மி சிரிக்கிறார்: "கார் ஸ்பீக்கர் நாலு ஓம்தாம்மா, கரண்டை அதிகமா இழுக்கும். இந்த ஆம்புக்கு எட்டு ஓம் வேணும்."

எங்கப்பா வீட்டுல சும்மா கிடக்கிற ஸ்பீக்கர் எட்டு ஓம்தான். "மாமனார் வீட்டுப் பொருள் வேண்டாம்"னு நேத்து குதிச்சீங்க. இருந்தாலும் எடுத்துட்டு வரப் போறேன். அப்பாவும் வர்றார். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க.

ஸுஹா

பி.கு.: ஆம்ப் மேல மூடி வெச்சிருக்கறது ரொட்டி மாவு. அந்தச் சூட்டுல பிரமாதமா உப்பியிருக்கு. அப்பாகிட்ட உங்க ஆம்ப்ளிஃபயரை ஆகா ஓகோன்னு புகழ்ந்து வெச்சிருக்கேன். அவர் பார்க்கறதுக்குள்ள மாவை எடுத்துடுங்க.