மேனேஜர் சம்பளம்

என்னங்க,

அக்கா வீட்டுக்கு வந்து மூணு வாரமாச்சு. இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல.

நேத்து உங்க ஆடிட்டர் போன் பண்ணினார். உங்க அச்சகத்தோட வரியைக் குறைக்க, என்னை மேனேஜர்னு காட்டி, ஒன்பது வருஷமா மாசாமாசம் சம்பளம் கொடுத்ததா செலவு எழுதியிருக்கீங்களாம். "இந்த வருஷமும் உங்க சம்பளத்தைச் செலவுல கழிச்சுக்கலாமாம்மா?"ன்னு கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பஸ்ஸுக்குக்கூட உங்ககிட்ட கையேந்தினவ நான்!

பில் போட்டது, ப்ரூஃப் பார்த்தது, கோவிச்சுக்கிட்டுப் போன மெஷின்காரரைக் கூட்டிட்டு வந்தது எல்லாம் நான்தான். வேலை நிஜம், சம்பளம்தான் பொய். "இனிமே என் பேரை எழுதாதீங்க சார்"னு சொல்லிட்டேன்.

சம்பள பாக்கியை அப்புறம் பேசிக்கலாம். ஒன்பது வருஷம் மேனேஜரா இருந்தேன்னு அனுபவச் சான்றிதழ் எழுதி, முத்திரை வச்சு உடனே அனுப்புங்க. திங்கட்கிழமை இன்டர்வியூ. உங்களுக்கு எதிர்ல இருக்கிற அச்சகத்துலதான்.

உங்க கணக்குப்படி,
முன்னாள் மேனேஜர்