கிணற்றுக்கு ஒரு வாளி

மச்சான்,

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை இன்று காலை நாமிருவரும் எழுதிய பைதன் லைப்ரரியின் நிரலைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, இதுக்குள்ள 'வாளி' எண்டு ஒரு பேர் கிடக்கு. ஆரோ பகிடிக்கு எழுதினதோ? அழிக்கட்டோ?"

நீ வைத்த பேர். நீ காய்ச்சலில் செத்துப்போய் எட்டு மாதம். அந்தப் பேரைத் திரையில் கண்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உன் வாளியால்தான் முந்தாநாள் ஏச்சு வாங்கினேன்.

குளத்தில் தண்ணீர் திறக்கும் நேரத்தை வயல் செய்யும் கமக்காரரின் போனுக்கு அனுப்புவதுதான் அந்த லைப்ரரியின் வேலை. தொடக்கத்தில் புரோகிராமின் ஒவ்வொரு மூலையும் செய்தி அனுப்பும் சேர்வரோடு பேசத் தனக்கென ஒரு கிளையன்ட் திறந்தது. இணைப்புகள் பெருகி, சேர்வர் எங்களை வெளியே தள்ளியது. "இரண்டாவது திறக்கிறவனுக்கு எரர் அடிச்சு நிப்பாட்டுவம்" என்றேன். நீ சிரித்தாய்.

"ஏன்ரா ஏசுறாய்? எங்கட ஊர் ஜெயபுரத்தில ஒரு கிணத்துக்கு ஒரு வாளிதான். தன்ர வாளியோட வாறவைக்கு நாங்கள் ஏசுறேல்லை. கட்டிக் கிடக்கிறதை நீட்டுவம்."

அப்படியே எழுதினாய். எத்தனை தடவை கேட்டாலும் முதலில் திறந்த கிளையன்ட்தான் கையில் வரும்.

ஒரு ஊர் இருந்தவரை சரி. இப்போது இரண்டு. முள்ளியவளைக்கென்று கேட்டபோதும், விசுவமடுவுக்குத் திறந்ததையே உன் வாளி சத்தமில்லாமல் நீட்டியது. அறிவித்தல் ஊர்மாறிப் போனது. விசுவமடுக் கமக்காரர் ஒருவர் போன் எடுத்தார்: "தம்பி, தண்ணி வருதெண்டு விடிய வந்து வரம்பில நிக்கிறன். வாய்க்காலில ஓணான் ஓடுது." முள்ளியவளையில் தண்ணீர் வந்தது பலருக்குத் தெரியவே தெரியாது. நாளை மறுபடி திறக்கிறார்கள்.

நீ இருந்திருந்தால் "நான் அப்பவே சொன்னனான்" என்று கத்தியிருப்பேன். கத்த ஆளில்லாததால் நீ சொன்னதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீ சொன்னது கிணற்றுக்கு ஒரு வாளி. எழுதியது எல்லாக் கிணறுகளுக்கும் ஒரே வாளி. அதைப் பார்த்து, சரியென்று ஏற்றவன் நான்.

மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டேன். ஊருக்கு ஒரு கிளையன்ட். அதே ஊருக்கு மறுபடி கேட்டால் இருப்பதையே கொடுக்கும். குறுக்கு வழியில் புதிதாகத் திறக்கப் பார்த்தால் புரோகிராம் நிற்கும். அது என் பிடிவாதம், விடமாட்டேன். ஆனால் நிற்கும்போது திரையில் வரும் வரியை உன் குரலில்தான் எழுதினேன்: "ஏற்கெனவே ஒண்டு திறந்து கிடக்கு. அதையே எடுங்கோ."

பிள்ளையும் நானும் மேசையில் ஊருக்கொன்றாக இரண்டு போன் வைத்து, முள்ளியவளைக்கென்று ஒரு அறிவித்தல் அனுப்பிச் சோதித்தோம். முள்ளியவளைப் போன் மட்டும் அடித்தது.

"அப்ப அண்ணா, வாளியை அழிக்கட்டோ?"

"இல்லை. வாளிகள் எண்டு மாத்து."