எதிரணிப் பக்கம் ஒரு சீட்டு

என்னங்க,
சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. நான் ஃபுட்பால் மேட்சுக்குக் கிளம்பிட்டேன். நல்லா ஆடுறவங்களை விட்டுட்டு, ஓட முடியாதவங்களைக் கூட்டிட்டு வர்றாங்கன்னு வருஷம் பூரா நம்ம கிளப்பைத் திட்டுறீங்க. நம்ம பொண்ணையும் உயரம் பத்தாதுன்னு அவங்கதானே வெளிய அனுப்பினாங்க? இன்னைக்கு அவ எதிரணிக்கு கோல்கீப்பரா நிக்கிறா. "அந்தப் பக்கம் உக்காந்து எப்படிக் கைதட்டுவேன்?"னு நேத்து கோவிச்சுக்கிட்டீங்க. நான் தட்டுவேன், கை சிவக்கத் தட்டுவேன். நம்ம வளர்த்த பொண்ணுங்க அது.

உங்க டிக்கெட் டிவி பக்கத்துல இருக்கு. கிளம்பினா சாவியை மாடி வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

பி.கு.: என்ன சட்டை போடுறதுன்னு யோசிக்காதீங்க. அவகிட்டயே கேட்டேன். "அப்பா நம்ம கிளப் சட்டையிலயே வரட்டும்மா. எங்க டீம் ஆளுங்க கூட்டத்துல அவரைச் சட்டுனு கண்டுபிடிச்சிடுவேன்"னா.